நாலு காலிக் கட்டங்கள்

திருச்சினாப்பள்ளி,
பங்குனி, 1934.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மயிலம்மாள் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

நான் வேலை செய்யும் வீட்டுக்காரர் காலேஜில் ரசாயன வாத்தியார். இரும்பு, செம்பு, தங்கம் முதலான மூலப்பொருள்களை எடையும் குணமும் பார்த்துக் கட்டம் கட்டமாக அடைத்த தாள் ஒன்று அவர் அறையில் தொங்குகிறது. நாலு கட்டம் மட்டும் காலி. தூசி தட்டும்போது ஏனென்று கேட்டுவிட்டேன்.

“இன்னும் கண்டுபிடிக்காததுக்கு இடம் விட்டிருக்கு, மயிலு. முன்னே அலுமினியத்துக்குக் கீழேயும் இப்படித்தான் விட்டாங்க. கொஞ்ச வருஷத்துல அந்தக் கட்டத்துக்கு ஆள் கிடைச்சுட்டான்! உங்க மலையில சிவப்புக் கல்லு இருக்காமே? அதுலகூட இந்த நாலுல ஒருத்தன் இருப்பான். லீவுல வந்து பார்க்கணும்.”

“அப்படிக் கல்லு எங்க காட்டுல இல்லீங்க,” என்று பொய் சொன்னேன்.

நம் மலையை அளக்க வந்த சர்க்கார் ஆட்களும் நாம் விதைக்காமல் ஆறப்போட்ட காட்டைத் தாளில் காலிக் கட்டமாகத்தானே போட்டார்கள்? பிறகு அது நம்முடையது இல்லை என்றார்கள். வாத்தியார் நல்லவர்தான். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மேட்டுக்காட்டை இந்த வருஷம் ஆறப்போட வேண்டாம், அப்பா. முதல் மழைக்கே சாமை விதைத்துவிடுங்கள்.

வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன். நம் வீட்டில் நான் படுக்கும் மூலை காலிதானே என்று அங்கே மிளகு மூட்டையை அடுக்கிவிடாதீர்கள்.

மயிலம்மாள்