அப்பாவின் வேண்டுதல்

1926 பிப்ரவரி 7
மங்களம் அக்கா உட்காரும் பாய்க்கு அடியில் ரப்பர் கொட்டை வைத்தேன். அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. வெளுத்துப்போய் எழுந்தார். வேட்டியில் சீழும் ரத்தமும். ஒரு கொட்டை இவ்வளவு செய்யுமா?

பிப்ரவரி 8
செய்யாதாம். ஆசனவாய் ஓரத்தில் கட்டி வந்து, உடைந்து, உள்ளே புரையோடியிருக்கிறது. பவுத்திரம். ஒரு வருஷமாக மறைத்திருக்கிறார். கங்காணியான அப்பா உட்காராமல் நிற்பது வேலை சுத்தம் என்றல்லவா ரப்பர் தோட்டமே நினைத்தது!

அம்மா என் வாயைப் பொத்தினாள். போன ஜன்மத்தில் கோயில் சொத்தைத் தின்றவனுக்குத்தான் அது வரும் என்பார்கள். மாரியம்மன் கோயில் சாவியோ அப்பாவின் இடுப்பில்.

"பீடோர்க்கார மாப்பிள்ள வீட்டுக்காரங்க காதுல விழுந்துச்சுன்னா ஒங்கக்கா கல்யாணம் அதோட போச்சு."

பிப்ரவரி 14
மாப்பிள்ளையின் அப்பா சதாசிவம், உறவினரோடு பீடோரிலிருந்து வந்தார். பாயில் அமர்ந்து சம்பந்தியையும் உட்காரச் சொன்னார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்பாவுக்கு வேண்டுதல் மாமா. அக்கா கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் உக்கார மாட்டாரு. மாரியம்மாவுக்கு."

வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிளம்பும்போது மாமா அப்பாவைத் தனியே அழைத்தார். ஒட்டுக்கேட்டேன்.

"எனக்கும் இந்த வேண்டுதல் இருந்துச்சு சம்பந்தி. புந்தோங்ல பிச்சைமுத்து வைத்தியர்தான் முடிச்சு வச்சாரு. போய்ப் பாருங்க லா."

பிப்ரவரி 21
கள்ளிப்பால், மஞ்சள், நாயுருவி உப்பு ஏற்றிய நூலைப் புரைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாராம் வைத்தியர். வாரம் ஒரு நூல். அறுத்துக்கொண்டே ஆற்றுமாம். அக்காவுக்கு மூன்று முடிச்சு விழுமுன் அப்பாவுக்கு ஒன்று விழுந்துவிட்டது என்றேன். அம்மா அகப்பையை எடுத்தாள். பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாதாம்.

மார்ச் 14
நூல் மாற்றும் நாள். அப்பா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 25
நூல் தானாகவே விழுந்துவிட்டது. ஆறிவிட்டது என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்தேன். அப்பா உட்காரவில்லை. அது நான் விட்ட புளுகுதானே என்றேன்.

"புளுகோ என்னவோ, மாரியம்மா பேரச் சொல்லிட்டியே."

கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம். நின்றே சாப்பிடுகிறார்.

மே 9
தோட்டத்தில் அப்பாவைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்?

ஜூன் 13
தாலி ஏறியது. சதாசிவம் மாமா அப்பாவின் தோளைப் பிடித்து மெல்ல அழுத்தினார். பாயை நான்தான் விரித்தேன். அடியில் ஒன்றும் வைக்கவில்லை. இரண்டு தடவை தடவியும் பார்த்தேன்.

அப்பாவும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.