முந்தானைக்குள் முடிந்த விலை

1956 ஆவணி 14, வியாழன்

எங்கள் கீரனூர் வீட்டை விற்க இன்று விலை பேசி முடித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

தரகர் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். வீட்டு விலையையும் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார். விரலுக்கு ஆயிரம். "துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லப்படாதுங்க" என்பார். என் தம்பி கையில் மூன்று விரலைப் பிடித்து, வாங்குகிறவர் இதற்கு மேல் தரமாட்டார் என்று சாதித்துவிட்டார்.

இன்று வீட்டை வாங்குகிற ஆச்சியே திருமயத்திலிருந்து நேரில் வந்துவிட்டார். தரகர் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஆச்சியின் கையை என் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "ஒங்ககிட்ட எம்புட்டு சொன்னாரு ஆச்சி?" என்று காதோடு கேட்டேன். என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். நான் அவர் கையில் மூன்றைப் பிடித்துக் காட்டினேன். ஆச்சிக்குக் கண் சிவந்துவிட்டது. நான்கு விரலில் அங்கேயே முடித்துக்கொண்டோம்.

"எதுல முடிஞ்சுதுங்க? என் தரகு?" என்று பதறினார் தரகர்.

"உள்ள பேசுனத வெளிய சொல்லப்படாதுல்ல? ஒங்க தரகையும் தம்பிகிட்ட துண்டுக்குள்ளயே பேசிக்கங்க."

தம்பி துண்டைப் போட்டுக் கையை நீட்டினான். தரகர் உள்ளே துழாவித் துழாவிப் பார்த்தார். ஒரு விரலும் அகப்படவில்லை. தம்பி கையை இறுக மூடி வைத்திருந்தான்.