வழி சொல்லும் பெட்டி

ஏப்ரல் 12, 2009 – உத்தமபாளையம்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஜன்னல் வழியாக அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

பெரியகுளம் பக்கம் வடுகபட்டி கால்நடை மருந்தகத்துக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். தேர்தல் முடிந்து ஜூன் பதினைந்தாம் தேதி சேர வேண்டும். மூன்று பஸ் மாறிப் போய் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்பது நடக்காத காரியம். நானே கார் ஓட்டிப் போனால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம். முடியாவிட்டால் பெரியகுளத்தில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போக வேண்டும். லைசென்ஸ் கையில் இருக்கிறது. எந்தத் தைரியத்தில் கொடுத்தார்களோ!

குமுளி தாமச்சன் அண்ணன் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் கூடவே கொண்டுவந்த பழைய வண்டி இது. சின்ன வண்டிதான், பின்கதவைத் தூக்கினால் இரண்டு மூட்டை வைக்கலாம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குட்டி டிவி. கம்பெனியே வைத்துக் கொடுத்ததாம். பாட்டும் பாடும், வழியும் காட்டும். "வழியெல்லாம் இது பறயும் டாக்டரே, பேடிக்கண்டா" என்றார், பயப்பட வேண்டாமாம். என் வீட்டுக்காரர் கர்ணன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். அவர் வாங்கியது காரை அல்ல, அந்தப் பெட்டியை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வீரபாண்டி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போட்டோம். அவர்தான் ஓட்டினார். டிராக்டர் ஓட்டிய கை. ஒவ்வொரு பள்ளத்திலும் என் பல் ஆடியது.

பெட்டியின் லட்சணம் வழியிலேயே தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் மேப் சிடி இங்கிலாந்துக்கானது! நம் வண்டி வெறும் வெள்ளைத் திரையில் நகர்கிறது. ரோடும் இல்லை, ஊரும் இல்லை. வீட்டுப் படம் போட்ட பட்டனை அமுக்கினால் அம்புக்குறி ஒன்று வருகிறது. தாமச்சன் அண்ணன் அங்கே குடியிருந்த வீட்டைக் காட்டுகிறது போல. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மேற்கு மலையையே காட்டுகிறது.

"முல்லையாத்தையும் காணோம், வீரபாண்டியையும் காணோம். இதெல்லாம் ஒரு மேப்பா?" என்று அவருக்கு ஒரே கோபம். என் மாமியார் மலையம்மாள் அத்தைக்கு மட்டும் அது பிடித்துவிட்டது. திரைக்கு மேலே மாரியம்மன் படத்தை ஒட்டி, தொட்டுக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 20

கிளட்சைக் கண்டுபிடித்தவனை என் ஆஸ்பத்திரிக்கு வரும் எருமைகளோடு ஒரே கொட்டத்தில் கட்டிப்போட வேண்டும்.

ஏப்ரல் 26

ராயப்பன்பட்டி ரோட்டில், எங்கள் திராட்சைத் தோட்டம் வரைக்கும் ஓட்டினேன். அவர் பக்கத்தில். வாய் மூடினால்தானே!

"மூணுக்குப் போ. ஆடு வருது பாரு. ஏலே, ஆட்டை ஓரமா பத்துலே! அங்கன பள்ளம். பிரேக்கு. பிரேக்குங்கிறேன்ல! சரி சரி, இப்ப விடு."

நடுரோட்டில் நிறுத்தி, "இன்னும் ஒரு வார்த்தை பேசுனீக, நான் இறங்கி நடந்தே போயிருவேன்" என்று கத்தினேன். கப்சிப் ஆகிவிட்டார். அடுத்த நிமிஷமே வண்டி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி அணைந்தது. ஓரக்கண்ணால் பார்த்தால், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். சே.

மே 10

இன்று தனியாகப் போனேன். போனேன் என்று சொல்லலாமா? சர்ச்சில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். ராயப்பன்பட்டித் திருப்பத்தில் வண்டி அணைந்து போனது. முன்னால் சனம், பின்னால் லாரி. எத்தனையோ மாடுகளுக்குப் பிரசவம் பார்த்த கைக்குச் சாவியைத் திருப்பத் தெரியவில்லை. ஒரு அம்மா வந்து கண்ணாடியைத் தட்டி, "தண்ணி குடிக்கிறியாத்தா?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் டிவிஎஸ் ஃபிப்டி சத்தம். அவர்தான். வாசலிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார். கண்ணாடிப் பக்கம் குனிந்து, "நியூட்ரலுக்கு வா. மூச்சு விடு. இப்ப கிளட்ச மிதி" என்றார். வண்டி நகர்ந்தது.

இதுதான் என் பிரச்சினை. அவர் பேசினால் எரிச்சல். பேசாவிட்டால் கை கால் ஓட மாட்டேன் என்கிறது. வடுகபட்டிக்கு இவரை மடியில் கட்டிக்கொண்டா போக முடியும்? கொடியில் திராட்சை தொங்குகிறது, அறுப்பு நேரம், அவரால் தோட்டத்தை விட்டு நகர முடியாது.

மே 13

தைரியத்துக்குப் பாட்டுப் போடலாம் என்று பார்த்தேன். சிடி உள்ளே போகவில்லை. மேப் சிடியும் பாட்டு சிடியும் ஒரே வாயில்தான் போக வேண்டுமாம், இங்கிலாந்து சிடி வெளியே வர மாட்டேன் என்கிறது. கரகரவென்று மென்றுவிட்டு நின்று போகிறது. ரேடியோ மட்டும் பாடுகிறது. கோடை எஃப்எம் வாழ்க.

மே 24

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். "பேசாம பெரியகுளத்துல ரூம் பாத்துருங்க, என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டேன். ஏதாவது திட்டுவார் என்று பார்த்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அத்தைதான் அடுப்படியிலிருந்து கேட்டார்: "ஏன்த்தா, ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் வர்றதுக்கு நீ என்ன விருந்தாளியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் போக விருப்பமில்லை. இவரைத் திட்டாமல் ஆறு நாளா?

ஜூன் 3

அறுப்பு முடிந்த மறுநாளே காலையில் எங்கோ கிளம்பிப் போனவர், சாயந்தரம்தான் வந்தார். தலை முழுக்கப் புழுதி. தொண்டை கட்டிவிட்டது. கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் ராக்கையாவும் கூட. எங்கே போனீர்கள் என்றால் இரண்டு பேரும் முழிக்கிறார்கள். குடியா? இவரா? மோந்து பார்த்தேன். புழுதி வாசம்தான்.

ஜூன் 5

சிடி ஒன்றை நீட்டினார். ராக்கையா ஸ்டுடியோ உறை, மேலே மாலை போட்ட மாப்பிள்ளை பெண் படம்.

விஷயம் இதுதான். ராக்கையா டிவிஎஸ் ஃபிப்டி ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து, செல்போனில் தன் குரலைப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் வாசலிலிருந்து வடுகபட்டி மருந்தகம் வரைக்கும். எங்கே வேகத்தடை, எங்கே மாடு குறுக்கே வரும், எந்த கியர், எல்லாம்.

"கம்பெனிக்காரன் பெட்டிக்கு நம்ம ஊரு தெரியல. எனக்குத் தெரியும்ல?" என்றார், கட்டிய தொண்டையோடு.

இந்த மனுஷனை என்ன செய்வது?

ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தோம். மறந்தே போனோம். அந்த வாய்க்குள்தான் எதுவும் போகாதே! அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிடியைச் சட்டையில் துடைத்துத் துடைத்து மறுபடி நுழைத்துப் பார்த்தார்.

ஜூன் 8

தேனியில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் தவசியிடம் போனோம். அத்தையும் வந்தார். தவசி பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். சலசலவென்று காசு கொட்டியது! மேலே குங்குமம் ஒட்டிய காசுகள்.

"என்ன சார், வண்டிக்குள்ள உண்டியலா?" என்று தவசி கேட்க, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அத்தை மட்டும் கடை வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை?"

"தோட்டத்துக்குப் போற மினி பஸ்ல, டிரைவரு பக்கத்துல, ஆத்தா படத்துக்குக் கீழ ஓட்டை வச்சு உண்டியல் இருக்கும்ல. நம்ம வண்டியிலயும் ஆத்தா இருக்கா, ஓட்டையும் இருக்கு. அதான். நீ வண்டிய எடுக்கப் போறப்பல்லாம் ஒண்ணு போட்டு வேண்டிக்கிருவேன்."

படத்தை அந்த ஓட்டைக்கு மேலே ஒட்டியவரே அவர்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். என்னிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாமல், "கார் ஓட்டுறாளாம் காரு" என்று நொடித்துக்கொண்டே இருந்த மனுஷி! கடை என்றும் பார்க்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "விடுத்தா, சனம் பாக்குது" என்றார்.

காசை மஞ்சள் துணியில் முடிந்து வீரபாண்டியில் சேர்த்துவிட்டு வந்தோம். பெட்டி வேலை செய்கிறது. இங்கிலாந்து வெளியே, கர்ணன் உள்ளே.

ஜூன் 14

நாளைக்கு. மழைச் சாரல். வேண்டாம், எதையும் யோசிக்க வேண்டாம்.

ஜூன் 15

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

காலையில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். டிவிஎஸ் சாவியை அத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார், பின்னால் வரக் கூடாது என்று. சிடியை ஓடவிட்டேன்.

"ஹலோ. ஓடுதா ராக்கையா? சரி. ஈஸ்வரி, மூச்சு விடு. கண்ணாடி பாரு. ஒண்ணுக்குப் போ."

போட்டேன். நகர்ந்தது. பஸ் ஸ்டாண்டு தாண்டும் வரை அவர் சொன்னபடி, ஒரு எழுத்து மாறாமல் ஓட்டினேன்.

சின்னமனூரில்தான் ஆரம்பித்தது. நான் ஊரைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன், சிடியில் இவர் அப்போதுதான் உள்ளே நுழைகிறார். இரண்டு பேரை வைத்துக்கொண்டு டிவிஎஸ் ஃபிப்டி எவ்வளவு வேகம் போகும்? போதாததற்கு, "ரெண்டு டீ. ஒண்ணுல சீனி கம்மியா" என்று ஒரு குரல். டீக்கடையில் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார்கள்! உறிஞ்சுகிற சத்தம் வரைக்கும் கேட்கிறது. நான் ஒற்றை ஆளாகச் சிரித்துக்கொண்டே வீரபாண்டியைக் கடந்தேன்.

தேனிக் கூட்டத்தில், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நான் நுழையும்போது, "கோட்டூர்ல வேகத்தடை, ரெண்டுக்கு வா" என்கிறார். "கோட்டூரு போயி ரொம்ப நேரமாச்சுங்க, சும்மா இருங்க" என்று அவரை அதட்டிவிட்டு மூன்றுக்குப் போனேன். அப்போதுதான் உறைத்தது. இந்தக் கூட்டத்தில் யாரும் எனக்கு வழி சொல்லவில்லை.

மருந்தக வாசலில், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஒரு சினை மாடும் அதன் சொந்தக்காரரும் எனக்கு முன்னாலேயே காத்திருந்தார்கள். எட்டாக இன்னும் நேரம் இருந்தது. சிடியை அணைக்க மனசு வரவில்லை. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து அவர்.

"ஈஸ்வரி, எங்கன வர்ற? பயமா இருக்கா? ஓரமா நிறுத்திட்டுப் பேசு."

"நான் வடுகபட்டிக்கு வந்துட்டேன். நீங்கதான் இன்னும் லட்சுமிபுரத்துலயே இருக்கீக. மெதுவா வாங்க."