ஜீப்பின் ஓர இடம்

ஐப்பசி, புதன். இரவு.

மனிதருக்கும் இடத்துக்கும் உள்ள உறவைப் பற்றி முப்பது வருடம் தத்துவ வகுப்பு எடுத்தவன் நான். கடைசிப் புத்தகத்துக்காக, இன்று போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறினேன். காற்று வரட்டும் என்று பின்பக்க ஓரத்தில் உட்கார்ந்தேன். அடுத்து ஏறிய முத்தம்மா என்பவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.

மலையேறும்போது அவரிடமே கேட்டேன்: "உங்களுக்குன்னு ஒரு இடம்னா எதைச் சொல்வீங்க?"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் அவர் தன் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

"ஓரம் அவுக எடம் சார்," என்றாள் பக்கத்துப் பெண். "வளைவுல அவுகளுக்குக் கொமட்டும்னு நாங்க யாரும் அதுல ஒக்கார மாட்டோம்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"பெரியவுகள எப்பிடி எந்திரிக்கச் சொல்றது?" என்றார் முத்தம்மா, சேலையைத் துடைத்தபடி.

சாயங்காலம் திரும்பும்போது நான் கடைசியாக ஏறினேன். முத்தம்மா ஓரத்தில் இருந்தார். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்கள்.

"இங்கன ஒக்காருங்க சார். இங்கன அம்புட்டாக் குலுங்காது," என்றார் முத்தம்மா.

நோட்டில் என் கேள்வி மட்டும் இருக்கிறது. மாற்றுச் சேலை வைத்திருக்கிறாரா என்று நான் கேட்கவே இல்லை.