இருக்கையின் உயரம்

மேற்குத் தாம்பரம்
8.6.2025

அன்பிற்குரிய செல்வமேரி,

பெரியோர்களே, தாய்மார்களே என்று மேடையுரை எழுதியே பழகிய கை, மனைவி ஒருத்திக்கு எழுதத் தயங்குகிறது. என் முறையீட்டை முதலில் வைக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டு என் பின்னிருக்கையில் வந்தவள், அஸ்தினாபுரத்தில் தனி வீடு பார்த்துப் போய் ஏழு மாதமாகிறது. அதன்பின் வந்த ஒரே கடிதத்தில், "புதிதாக ஓட்டப் பழகுபவர்க்கு எந்த விசையுந்து ஏற்றது?" என்று கேட்கிறாய். நலமா என்றுகூட இல்லை!

ஆயினும் கேட்டவள் நீ. பளபளக்கும் பிளாஸ்டிக் மேலுறை பூட்டிய வண்டி வேண்டாம். ஒருமுறை சாய்ந்தாலே நொறுங்கும். நூறு சிசி போதும். உதிரிப்பாகம் தெருமுனைப் பட்டறையிலும் கிடைக்க வேண்டும். பழுதானால் எவரும் குறைந்த செலவில் சரிசெய்யும்படி இருக்க வேண்டும். பள்ளிக்கரணை மருத்துவமனைக்கு நீ வேலைக்குப் போகும் சாலையின் குழிகளை அத்தகைய வண்டி பத்தாண்டு தாங்கும்.

நானே ஏறி அமர்ந்து பார்த்து, ஒன்றை வாங்கி, மெக்கானிக் சாலமோனிடம் கொடுத்தனுப்பியுள்ளேன். ஒரு ஞாயிறன்று அதில் நம் வீட்டுக்கு வருவாய் என்று காத்திருக்கிறேன்.

உன்,
அப்பாதுரை


அஸ்தினாபுரம்
29.6.2025

மதிப்பிற்குரியவருக்கு,

இடக்கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியன்று வேலைக்குப் போகையில் சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். கால் தரைக்கு எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

வண்டியைப் பார்க்க வந்த சாலமோன், "இன்னாக்கா, வண்டிக்கு ஒண்ணும் ஆவல. ஒனக்குத்தான் பார்ட்ஸ் மாத்தணும் போல கீது" என்றான். சிரித்தேன். அவன் போனபின் அழுதேன்.

நான் கேட்டது யோசனை. நீங்களோ முடிவையே அனுப்பிவிட்டீர்கள். அது உங்கள் கால் எட்டும் வண்டி. பெண்ணுரிமை பற்றி நீங்கள் முழங்கிய உரைகளையெல்லாம் படியெடுத்துத் தந்தவள், உங்கள் தோளுக்கும் எட்டாதவள் என்பதை ஒருநாளும் பார்க்கவில்லையா?

மணவிலக்கு மனுவை இணைத்துள்ளேன். கையொப்பமிடுங்கள்.

செல்வமேரி


மேற்குத் தாம்பரம்
6.7.2025

செல்வமேரி,

மூன்று நாள் அமர்ந்து, நான்கு பக்கம் மறுப்புரை எழுதினேன். கிழித்துவிட்டேன்.

தாழ்ந்த இருக்கையுள்ள வண்டி உண்டா என்று கடையில் கேட்டேன். "அம்மா எவ்ளோ ஹைட் சார்?" என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மனுவில் கையொப்பமிட்டுவிட்டேன். சாலமோன் கொண்டுவருவான்; அந்த வண்டியையும் திருப்பி எடுத்துச் செல்வான்.

இனி என்னைக் கேட்காதே. என்னைப் போன்ற எவரையும் கேட்காதே. கட்டுப் பிரிக்கும்வரை காத்திராதே. ஓட்டத்தான் கை வேண்டும். அமர்ந்து பார்க்கக் கால் போதும். இன்றே கடைக்குப் போ. நீயே ஏறி அமர். இரு பாதமும் தரையில் ஊன்றவில்லையெனில், எவர் புகழ்ந்தாலும் இறங்கு!

அப்பாதுரை