யாழினி சவுண்ட் சர்வீஸ்

ஸ்ரீரங்கம்
18.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்பதில்லை. முப்பது வருடம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றால் காது என்ன செய்யும்? அதனால்தான் கடிதம்.

கொள்ளிடக் கரைத் தோப்பில் என் ஆய்வுக் கருவியை வைத்துவிட்டோம். ஒரு பெட்டிக்குள் வரிசையாக ஸ்பீக்கர்கள். வானத்தைப் பார்த்துக் 'கீச்' என்று கத்தும். பிறகு சும்மா இருந்து எதிரொலியைக் கேட்கும். தரையோரக் காற்று எந்த உயரம் வரை கலக்கிறது என்பது அதில் தெரியும். அந்த உயரம் தாழ்ந்திருந்தால் ஊர்ப்புகையெல்லாம் நம் மூக்கருகிலேயே நிற்கும். வெயில் ஏற ஏற அது உயர்வதைக் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் பிடிக்க வேண்டும்.

ஆனால் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் எட்டு மணி வரை மார்கழிப் பாட்டு. மைக் செட் உங்களுடையது. எதிரொலி அதில் அமுங்கிவிடுகிறது. மாதக் கடைசியில் கருவி திரும்பிப் போய்விடும். பிறகு அடுத்த மார்கழிதான். மூன்று நாள் மட்டும் ஆறு மணிக்கு நிறுத்த முடியுமா?

மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
யாழினி

தொட்டியம்
22.12.2024

செல்ல மகளுக்கு, அப்பா எழுதுவது.

கோயில் கமிட்டியில் பேசிவிட்டேன். கமிட்டித் தலைவர் சின்னையன்தான் என் காதில் கத்தினார்: "மார்கழியில சாமிக்கே மைக் ஆஃபா? நல்லா இருக்குய்யா உன் நியாயம்!"

"ஆறு மணிக்கு மேல எம்பொண்ணு வானத்துக்கே மைக் டெஸ்ட் பண்றா" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். உன் பேராசிரியர் எங்கள் குழாயைப் பார்த்து, "யாழினி சவுண்ட் சர்வீஸா? உன் பேரா இருக்கேம்மா" என்று கேட்டாராம். "யாரோ, தெரியாது சார்" என்றாயாம்.

நீ பிறந்த வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டுக் குழாயில் எழுதவைத்த பெயர் அது. உனக்குச் சங்கடம் என்றால் அழித்துவிடுகிறேன்.

அப்பா,
நல்லுசாமி

ஸ்ரீரங்கம்
29.12.2024

அப்பா,

அழிக்காதீர்கள்.

மூன்று நாள் காலைப் பதிவுகளும் கிடைத்துவிட்டன. ஆறரை மணிக்கு நூறு மீட்டரில் படுத்திருந்த காற்றுக் கலப்பின் கோடு, எட்டுக்குள் இருநூற்றைம்பதுக்கு ஏறிவிட்டது.

அன்று நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எழுதினால் அது சாக்காகத்தான் இருக்கும். தப்பு, அப்பா.

நேற்று நீங்கள் வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "நாடி மாதிரி அடிக்குது பாப்பா" என்றீர்கள். அப்போது பின்னால் நின்ற பேராசிரியரிடமும் மாணவர்களிடமும் நான் ஒன்று சொன்னேன். எல்லோரும் திரும்பிக் கோயில் குழாயைப் பார்த்தார்கள். உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்:

"இவங்க எங்கப்பா. மைக் செட் வச்சிருக்காங்க. அந்த யாழினி நான்தான்."

உங்கள்
யாழினி
(சவுண்ட் சர்வீஸ்)