மறைத்து வைத்த மூன்று நாட்கள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஜோகுபாளையம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் தன் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய் வாசம். என் பேருந்து வந்தும் ஏறாமல் நின்றுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நான் நர்ஸ், நீங்கள் நோயாளி. காலை மாத்திரைக்கு முன்பே சீப்பும் கையுமாக உங்கள் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். "சிக்கு எடுத்தாலே பாதி பாரம் போயிடும் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் பின்னல் போடுவீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு நாள் லீவில் வீட்டுக்குப் புறப்பட்டீர்கள். "எப்படி இருக்காங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "நல்லா சிரிச்சுப் பேசறாங்க சார்" என்றேன். அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கள் காலை உங்கள் தம்பி போன் செய்தார். நீங்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியைக் கேட்ட டாக்டர், ரிசீவரை வைக்க மறந்து நின்றார். பிறகு, "பேஷண்ட் யாருக்கும் சொல்லாதீங்க, பயந்துடுவாங்க" என்றார்.

வார்டில் எல்லோரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஆனேக்கல்லிலிருந்து வந்து சேர்ந்திருந்த மஞ்சுளா, "அக்கா எப்ப வருவாங்க?" என்றாள்.

"குணமாயிடுச்சும்மா. இனி வீட்லயே இருப்பாங்க."

"அப்போ நானும் சீக்கிரம் போயிடுவேன்!" என்று கைதட்டினாள். அன்று அடம்பிடிக்காமல் மாத்திரையை விழுங்கினாள். நான் துணி வைக்கும் அறைக்குள் போய் அழுதேன்.

மூன்றாம் நாள், பார்க்க வந்த யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மஞ்சுளா என் கையைத் தட்டிவிட்டாள். "அக்கா விஷயத்துல பொய் சொன்னீங்க. நான் நல்லாயிடுவேன்னு சொல்றீங்களே, அது மட்டும் நெஜமா?" மதியம் வார்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாலையில் டாக்டர் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார். "அவங்க இறந்துட்டாங்க. உங்ககிட்ட மறைச்சது தப்பு" என்றார். "நல்லா இருக்காங்கன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

வெகுநேரம் கழித்து மஞ்சுளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் சில நாள் அப்படித் தோணும் சிஸ்டர். சொன்னா லீவ் குடுக்க மாட்டீங்கன்னு சொல்லல."

டாக்டர் தன் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். சில மாதங்களில் அவள் உண்மையாகவே குணமாகி வீட்டுக்குப் போனாள்.

அதிலிருந்து, லீவில் போகும் ஒவ்வொருவரிடமும் நேராகவே கேட்கிறேன்: "செத்துடலாம்னு தோணுதா?" முதல் தடவை வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். இப்போது கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், இவ்வளவு நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்கள்போல.

உங்களிடம்தான் கேட்கவில்லை, அக்கா.